வாசல் வெளிச்சம்

பல்லின் நிறத்தை டியூப்லைட்டில் பார்க்கக் கூடாது என்று கல்லூரியில் எங்கள் பேராசிரியர் ஒருவர் ஓயாமல் சொல்வார். 1996-ல் தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் கிளினிக் திறந்தபோது அவர் பேச்சை அப்படியே கடைப்பிடித்தேன். பல் கட்ட வருகிறவரை நாற்காலியிலிருந்து எழுப்பி வாசலுக்கு அழைத்து வருவேன். காலை பத்து, பதினொரு மணி வெளிச்சம்தான் சரியாக இருக்கும். உதட்டுச் சாயம் இருந்தால் துடைக்கச் சொல்வேன். பளீரென்ற சேலை கட்டியிருந்தால் கழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத் துணி ஒன்றைப் போர்த்துவேன். பிறகு ஷேட் கைடை உதட்டருகே பிடிப்பேன். பதினாறு மாதிரிப் பற்கள் வரிசையாகச் செருகிய, சீப்பு மாதிரி ஒரு கருவி அது. ஐந்தாறு விநாடிக்கு மேல் உற்றுப் பார்த்தால் கண் ஏமாற்றும். வெளியே எதையாவது பார்த்துவிட்டுத் திரும்பவும் பார்க்க வேண்டும்.

எதிரே டீக்கடை. வாயைத் திறந்தபடி ஒருவர் வாசலில் நிற்பதும், டாக்டர் சீப்பை வைத்து அளப்பதும் கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நல்ல வேடிக்கை. "அந்தக் கடைசிப் பல்லுதான் மேடம் நல்லாருக்கு, அதையே போடுங்க" என்று டீ மாஸ்டர் ரோட்டைத் தாண்டி யோசனை சொன்ன நாட்கள் உண்டு. அவர் காட்டியது ஏறக்குறைய எப்போதும் இருப்பதிலேயே வெள்ளையான பல்லாக இருக்கும். வந்தவரும் அதையே காட்டுவார். கண்ணின் வெள்ளையைவிட வெளுப்பான பல் முகத்தில் ஒட்டாது, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரித் தனியாகத் தெரியும் என்று கண்ணாடியைக் கொடுத்து விளக்குவேன். கேட்பார்கள். கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் வெள்ளையா இருந்தா பரவால்ல மேடம்" என்பார்கள்.

எங்கள் ஊரில் இந்த ஆசைக்கு வேறொரு வேர் இருக்கிறது. சென்னையில் படித்த காலத்தில் நான் பார்த்த கறையெல்லாம் வெற்றிலை, புகையிலை, பீடி. சுரண்டினால் போய்விடும். தர்மபுரிக்கு வந்த முதல் வாரத்திலேயே பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். முப்பது வயது. டீ, காபிகூடக் குடிக்காதவர். முன்பற்களின் குறுக்கே தேக்கு நிறத்தில் பட்டை பட்டையாகக் கறை. நடுநடுவே சுண்ணாம்புத் திட்டு. ஸ்கேலரை வைத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. கறை பல்லின் மேல் இல்லை, பல்லுக்குள் இருந்தது.

"ரெண்டு வேளையும் விளக்கறேன் மேடம். பசங்களுக்குச் சுத்தத்தப் பத்திப் பாடம் எடுக்கறவன் நான். போகவே மாட்டேங்குது" என்றார். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே பாடம் நடத்தப் பழகிவிட்டதாகவும் சொன்னார்.

அடுத்த ஒரு மாதத்தில் அவரைப் போல எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணவில்லை. பாலக்கோடு, காரிமங்கலம், நல்லம்பள்ளி என்று எந்தப் பக்கத்து பஸ் வந்தாலும் இரண்டு பேராவது இறங்கி வருவார்கள். ஊருக்கு ஊர் பெயர் மட்டும் மாறும். கறைப்பல், காவிப்பல், மஞ்சப்பல். சிரிக்கும்போது வாயைப் பொத்துகிற பழக்கம் மட்டும் மாறாது. பெண்கள் முந்தானையால், ஆண்கள் மீசையைத் தடவுகிற சாக்கில்.

காரணம் தண்ணீர். எங்கள் மாவட்டத்தின் அடியில் கிடப்பது கடினப்பாறை. அதிலுள்ள தாதுக்களிலிருந்து புளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் சேர்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போனால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல் சரியாக இறுகாது. நுண்துளைகளோடு வெளியே வரும். பிறகு சாப்பிடுவது, குடிப்பது எல்லாம் அந்தத் துளைகளில் இறங்கி வருடக்கணக்கில் பழுப்பேறும். இதெல்லாம் எட்டு வயதுக்குள் நடந்து முடிந்துவிடும். முன்பற்களுக்கு இரண்டு, மூன்று வயதிலேயே விதி எழுதப்பட்டுவிடும். பால் மணம் மாறாத வயதில் குடித்த தண்ணீருக்கு இருபது வயதில் கல்யாணச் சந்தையில் கணக்குக் கேட்கிறார்கள்.

இதன் பூர்வகதை எனக்குப் பிடித்தமானது. 1901-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குத் தொழில் செய்யப் போன ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், ஊர்க்காரர்கள் பலரின் பல்லிலும் பழுப்புக் கறையைப் பார்த்துக் குழம்பிப்போனார். பன்றி இறைச்சி, கெட்ட பால், கால்சியம் மிகுந்த தண்ணீர் என்று ஊரார் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மெக்கே விடவில்லை. முப்பது வருடம் கழித்து, 1931-ல், ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில்தான் தண்ணீரைச் சோதித்து புளோரைடு என்று கண்டுபிடித்துச் சொன்னார். ஆறே வருடத்தில், 1937-ல், நம் பக்கத்திலும் வெளிச்சத்துக்கு வந்தது. அன்றைய மதராஸ் மாகாணத்தில் நெல்லூர் மாவட்டத்து ஜனங்களின் பல்லையும் எலும்பையும் ஆராய்ந்து ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவர் எழுதினார்கள். அங்கே பல்லோடு நிற்கவில்லை. முதுகெலும்பு விறைத்துப்போய்க் குனிய முடியாதவர்களும் இருந்தார்கள். புது ஊருக்குப் போன மெக்கேயின் திகைப்பு எனக்குப் புரிந்தது. அவருக்கு முப்பது வருடம் தெரியாத பதில் எனக்குப் பாடப்புத்தகத்திலேயே இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

பள்ளி ஆசிரியரிடம் இதைத்தான் சொன்னேன். "சார், இது அழுக்கு இல்ல. நீங்க விளக்காததால வந்ததும் இல்ல. உங்க ஊர்த் தண்ணி." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இத ஒரு காகிதத்துல எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். லெட்டர்பேடில் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தேன். யாரிடம் காட்டினாரோ தெரியாது. வேறு சிகிச்சை எதுவும் வேண்டாம் என்று போய்விட்டார்.

அந்த நிதானம் எனக்கு எல்லா நாளும் வாய்க்கவில்லை.

2005-ல், ஆவணி முகூர்த்தத்துக்கு இருபது நாள் இருக்கும்போது, காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை அவளுடைய அம்மாவும் தாய்மாமாவும் அழைத்து வந்தார்கள். பத்தொன்பது வயது. மாப்பிள்ளை வீட்டில் எல்லாம் பிடித்துவிட்டது, பல்லை மட்டும் சரி பண்ணிவிட்டால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். மேல்வரிசை முன்பற்கள் ஆறிலும் கறை. ஒரு சொத்தை கிடையாது, ஓர் ஆட்டம் கிடையாது. கேழ்வரகுக் களியும் கரும்பும் கடித்து வளர்ந்த பற்கள்.

மெதுவாகச் செய்கிற வழிகள் அப்போதும் இருந்தன. எனக்குத் தெரியாமல் இல்லை. "இருபது நாள்தான் மேடம்" என்று மாமா விரலை மடக்கிக் காட்டினார். அந்த அவசரத்துக்கு என் கையும் ஓடியது. ஆறு பல்லையும் சுற்றிச் செதுக்கினேன். கேப் போட வேண்டுமென்றால் வெளியே தெரிகிற பல்லில் பாதிக்கும் மேல் கரைத்தாக வேண்டும். நாலு பல் கூச்சம் தாங்காது என்று தோன்றியது. உயிருள்ள, நோயில்லாத நாலு பல்லுக்கு ரூட் கெனால் செய்து நரம்பை எடுத்தேன். மேலே உலோகத்தின் மீது பீங்கான் சுட்ட கேப் ஆறு. சேலத்து லேபிலிருந்து பஸ்ஸில் வந்த பார்சலைப் பிரித்து ஒட்டி முடித்தபோது முகூர்த்தத்துக்கு மூன்று நாள் பாக்கி.

கண்ணாடியைப் பார்த்த அந்தப் பெண் அழுதாள். அம்மாவும் அழுதார். தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, ஜாக்கெட் துணி வைத்துக் கொடுத்தார்கள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு போட்டோக்களைச் சட்டம் போட்டு உள்ளறையில் மாட்டினேன். அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு இன்னும் நாலைந்து கல்யாணப் பெண்கள் அதே வேலையைச் செய்துகொண்டார்கள். ஊரில் எனக்கு நல்ல பெயர் வந்தது அதற்குப் பிறகுதான்.

2013-ல் அவள் திரும்ப வந்தாள், கைக்குட்டையில் ஒரு கேப்பை முடிந்துகொண்டு. கேப்புக்குள்ளேயே பல் உடைந்து உட்கார்ந்திருந்தது. ஈறு மட்டத்தோடு போயிருந்தது, மேலே ஒட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. மற்றப் பற்களில் ஈறு மேலேறி, கேப்பின் உலோக விளிம்பு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. அவள் கோபப்படவில்லை. "பத்துப் பதினஞ்சு வருஷம் வரும்னீங்க, எட்டுலயே வந்துருச்சே மேடம்" என்று சிரித்தாள். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் போட்டோவைக் கழற்றிவிட்டேன்.

சரியாகச் செய்த, சரியாகப் பார்த்துக்கொண்ட கேப் இருபது வருடம் தாண்டி ஓடுவதும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பாதி உடைந்த பல்லுக்கு, ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப்தான் காவல். நான் சொல்வது நல்ல பல்லுக்கு நிறத்துக்காக மட்டும் போடுகிற கேப்பை. பத்தொன்பது வயதில் போட்டால் ஆயுளுக்குள் இரண்டு முறை, மூன்று முறை மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கிற பல் கொஞ்சம் குறையும். எனாமல் மறுபடி முளைக்காது. நகம் மாதிரி இல்லை அது.

இப்போது வருகிறவர்கள் கேட்பது, "ஜிர்கோனியா போட்டா கியாரண்டி உண்டாமே?" உண்டு. லேபிலிருந்து பத்து வருடம், பதினைந்து வருடம் என்று அட்டை போட்டுத் தருகிறார்கள், ஏடிஎம் கார்டு மாதிரி. அந்த உத்தரவாதம் கேப்புக்கு. அதற்கு உள்ளே இருக்கிற பல்லுக்கு உத்தரவாத அட்டை யாரும் அச்சடிக்கவில்லை. இதைச் சொன்னதும் சிலர் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுகிறார்கள். போய், செய்துகொண்டு, என் முன்னாலேயே பளிச்சென்று சிரிக்கிறார்கள். எனக்கு நஷ்டம்தான்.

கறைப் பல்லோடு வருகிறவருக்கு நான் இப்போது முதலில் செய்வது ஒரு சின்ன வேலை. ரப்பர் விரிப்பை மாட்டி ஈறை மறைத்துவிட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தேய்ப்புத் தூளும் கலந்த பசையால் பல்லின் மேல்பரப்பை மெதுவாகத் தேய்த்தெடுப்பேன். மைக்ரோ அப்ரேஷன் என்று பெயர். போவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். "ஆசிட்டாமே?" என்று பதறுவார்கள். பதற வேண்டியதுதான், வீட்டில் செய்தால். மேலோட்டமான பழுப்பு இதிலேயே பாதி குறைந்துவிடும். ஆழமான கறைக்கு அடுத்த படி பிளீச்சிங்.

பிளீச்சிங்கில் இரண்டு வகை. கிளினிக்கில் உட்காரவைத்து ஒரு மணி நேரத்தில் செய்கிற வகைக்குத்தான் மவுசு. கல்யாணக் கூட்டம் அதைத்தான் கேட்கும். எனக்குப் பிடித்தது வீட்டில் செய்கிற மெதுவான வகை. பல்லின் அச்செடுத்து மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்று செய்து தருவேன். இரவில் அதற்குள் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல்லைத் துளித் துளியாக வைத்து மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். 1989-ல் இந்த முறையை ஹேவுட், ஹேமேன் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் எழுதிய பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. சாதாரண மஞ்சளுக்கு இரண்டு வாரம் போதும். எங்கள் ஊர்க் கறைக்கு இரண்டு மாதம்கூட ஆகும்.

முதல் வாரம் போன் வராமல் இருக்காது. "மேடம், முன்னவிட மோசமா இருக்கு. வெள்ளத் திட்டு இன்னும் வெள்ளையாயிடுச்சு." ஆமாம், அப்படித்தான் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருப்பேன். ஆனாலும் கண்ணாடியில் பார்க்கும்போது பயம் வரும். சுற்றியுள்ள பகுதியும் வெளுக்க வெளுக்கத் திட்டு அதோடு கலந்து மங்கும். "கூச்சமா இருக்கு" என்பது இரண்டாவது போன். ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்வேன். கூச்சத்துக்கான பேஸ்ட்டையும் எழுதிக் கொடுப்பேன். நிறுத்திய சில நாளில் கூச்சம் தானாக அடங்கும். மூன்றாவது கேள்வி எல்லோரிடமிருந்தும் வரும்: "நிரந்தரமா இருக்குமா?" இருக்காது. ஒன்றிரண்டு வருடத்தில் கொஞ்சம் மங்கும். அதே உறையை மாட்டி நாலைந்து இரவு ஜெல் வைத்தால் திரும்பும். ஏற்கெனவே அடைத்த பல்லும் கேப்பும் மட்டும் வெளுக்காது. இதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் ஒரு பல் தனியாக நிற்கும், சண்டையும் வரும்.

இவ்வளவுக்கும் மசியாத கறை உண்டு. சில பற்களில் குழிகூட விழுந்திருக்கும். அதற்குப் பல் நிறக் காம்போசிட்டை மேலே பூசிச் செதுக்குவேன். அதற்கும் மேலே போனால் வெனீர். நகத்தின் மேல் ஒட்டுகிற செயற்கை நகம் மாதிரி மெல்லிய பீங்கான் ஓடு. முன்பக்கம் அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவினால் போதும். 1930-களில் ஹாலிவுட் நடிகர்களுக்காக சார்லஸ் பின்கஸ் என்ற மருத்துவர் செய்து கொடுத்ததுதான் இதன் தொடக்கம். அவரிடம் நிரந்தரமாக ஒட்டும் பசை இல்லை. பல்செட் நழுவாமல் இருக்கப் போடுகிற பொடியை வைத்து ஒட்டுவார், படப்பிடிப்பு முடிந்ததும் நடிகர்கள் கழற்றிவிடுவார்கள். எனக்கென்னவோ கல்யாணத்துக்கு அது போதும் என்று தோன்றும்.

நிறத்தைவிட்டு வேறு கேள்விகளும் வரும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடுமா என்பது நான் தொழிலுக்கு வந்த நாள் முதல் இன்று வரை வாரம் ஒருமுறை கேட்கிற கேள்வி. எம்.ஏ. படித்தவரும் கேட்பார், ஆடு மேய்க்கிறவரும் கேட்பார். பல்லுக்குப் போவது ஐந்தாவது மண்டை நரம்பு, பார்வைக்குப் போவது இரண்டாவது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. பிடுங்காமல் விட்ட சீழ்தான் கண்ணுக்குக் கீழே வீங்கும். வீங்கிய பிறகு பிடுங்கப் போனவர்களின் கண்ணைப் பார்த்துக் கிளம்பிய கதையாக இருக்கும் இது.

அடுத்தது கிளீனிங். "கிளீன் பண்ணினா பல்லு ஆடும்ங்கறாங்களே?" இதில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. அதனால்தான் மறுக்கக் கஷ்டம். பல வருடக் காரை பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சிமெண்ட் பூசின மாதிரி இறுகியிருக்கும். அதன் அடியில் ஈறு வீங்கி, எலும்பு கரைந்து, பல் ஏற்கெனவே ஆட ஆரம்பித்திருக்கும். காரை ஒன்றோடொன்று கட்டிவைத்திருப்பதால் தெரியாது. நான் காரையை எடுத்ததும் ஆட்டம் தெரியும், சந்து தெரியும், காற்று புகுந்து கூசும். "நல்லாத்தான இருந்துச்சு, நீங்கதான் ஆட்டி விட்டீங்க" என்று ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் தெருவில் நின்று சத்தம் போட்டார். அவருக்கு எக்ஸ்ரேயைக் காட்டிப் பயனில்லை. கடைசியில், "ஐயா, சொவர் இடிஞ்சு பலகையில சாஞ்சு நிக்குது, பலகையை எடுத்தா பலகை மேல குத்தம் சொல்வீங்களா?" என்றேன். "அப்ப பலகையை எதுக்கு எடுத்த?" என்றார். எனக்கு அப்போது இதற்குச் சரியான பதில் தெரியவில்லை. பலகையே சுவரை அரித்துக்கொண்டிருந்தது என்று அப்புறம்தான் தோன்றியது, அவர் போன பிறகு. இப்போதெல்லாம் ஸ்கேலரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பல்லை ஆட்டிக் காட்டிவிடுகிறேன், கூட வந்தவரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லி.

கிளீனிங் செய்தால் கறைப்பல் வெள்ளையாகுமா என்றும் கேட்பார்கள். ஆகாது. அது சட்டையைத் துவைப்பது. நிறத்தை மாற்றுவது சாயப்பட்டறை வேலை.

வீட்டு வைத்தியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. வேப்பங்குச்சியை நன்றாக மென்று தூரிகையாக்கி விளக்குகிற கிழவிகளின் பல்லைப் பார்த்து நானே பொறாமைப்பட்டிருக்கிறேன். சண்டையெல்லாம் செங்கல் பொடியோடும், சாம்பலோடும், இப்போது புதிதாகக் கறுப்புப் பேஸ்ட்டாகத் திரும்பி வந்திருக்கிற கரியோடும்தான். செல்போன் வீடியோவைப் பார்த்து எலுமிச்சம்பழத்தில் சமையல் சோடாவைப் பிசைந்து மாதக்கணக்கில் தேய்த்த ஒரு கல்லூரி மாணவன் வந்தான். எனாமல் வெள்ளை, அதற்கு உள்ளே இருக்கிற டென்டின் மஞ்சள். எனாமலைத் தேய்த்து மெலிதாக்கினால் மஞ்சள்தான் மேலே தெரியும். தெரிந்ததும் இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தம்பி ஐஸ்கிரீம் சாப்பிட முடியாமல் போன பிறகுதான் நிறுத்தினான்.

இங்கே அடிக்கடி வருகிற இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்கே வயிறு கலங்கும். "தண்ணியக் கொதிக்க வச்சுத்தான் குடுக்கறேன் கொழந்தைக்கு, அப்புறம் எப்படி மேடம்?" கொதித்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய மிச்சத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும். அக்கறையாக இன்னும் பத்து நிமிடம் கூடுதலாகக் கொதிக்க வைத்த தாயிடம் இதை எப்படிச் சொல்வது? ஆர்ஓ வைத்தால் குறையும். இல்லையென்றால் மழைநீர், அல்லது ஆற்றுத் தண்ணீர் என்பேன்.

ஆற்றுத் தண்ணீர் 2013-ல் வந்தது. ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு, ஒகேனக்கல்லில் காவிரியிலிருந்து எடுத்து தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் குழாய் போட்டார்கள். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் என்ற வார்த்தை உண்டு. நோயின் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு வந்த குடிநீர்த் திட்டம். எங்கள் தெருக் குழாயில் முதலில் வந்த தண்ணீரைப் பிடித்துக் குடித்துப் பார்த்தேன். போர் தண்ணீரின் கனம் இல்லாமல் சப்பென்று இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, "இதுல சோறு வேகுமா?" என்று சந்தேகப்பட்டார். குழாயில் வராத நாட்களில் இன்றைக்கும் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். ஆனாலும் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற பிள்ளைகளின் வாயைத் திறக்கச் சொல்லும்போது, முன்னைப்போல மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

கொரோனாக் காலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. கல்யாணத்தில் இருபது பேர், எல்லோர் முகத்திலும் மாஸ்க். வெளுக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். கறைப்பல்காரர்கள் சிலர் மாஸ்க்கை விட மனமில்லாமல் அதற்குப் பிறகும் ரொம்ப நாள் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு ஜவுளிக்கடைப் பெண் என்னிடம் அதை வெளிப்படையாகவே சொன்னாள்.

2021 கடைசியில், கைக்குட்டையில் கேப்பை முடிந்துகொண்டு வந்தாளே, அவள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். உடைந்த பல்லின் வேரை எடுத்துவிட்டு அந்த இடத்துக்கு நான் பாலம் கட்டிக் கொடுத்து எட்டு வருடம் ஆகியிருந்தது. அது நன்றாக இருந்தது. வந்த விஷயம் அது இல்லை. சின்னவள், 2014-ல் பிறந்தவள், ஏழு வயது. கீழே நடுவில் இரண்டு, மேலே நடுவில் இரண்டு புதுப்பல் முளைத்திருந்தன.

"மஞ்சளா வருது மேடம். பக்கத்துப் பல்லு வெள்ளையா இருக்கு, புதுசு மட்டும் மஞ்சளா இருக்கு. ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி வேற இருக்கு. இவளுக்கும் வந்துருச்சா?" இரண்டு வாரமாகத் தூங்கவில்லை என்றாள். வேலூருக்குப் போய்க் காட்டலாமா என்று வீட்டில் பேச்சு வந்திருந்தது.

குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்து, காற்றுக் குழாயால் பல்லை உலர்த்தினேன். லேசான பாதிப்பு ஈரத்தில் மறைந்துகொள்ளும், உலர்ந்தால் சுண்ணாம்புக் கோடாக வெளியே வரும். பிறகு கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டி வந்தேன். மணி பதினொன்று. மேகம் இல்லை. மேலே பார்க்கச் சொல்லி உதட்டைத் தூக்கிப் பிடித்து, ஒரு பல், இன்னொரு பல், திரும்பவும் முதல் பல் என்று பார்த்தேன். கோடு இல்லை. திட்டு இல்லை.

"பால்பல்லு எப்பவும் பால் நிறம்தான். நிலைச்ச பல்லு அதைவிடக் கொஞ்சம் மஞ்சளாத்தான் இருக்கும், எல்லாருக்கும். பக்கத்துல வச்சுப் பார்க்கறதால உனக்கு அப்படித் தெரியுது. பால்பல்லு எல்லாம் விழுந்தா ஒண்ணும் தெரியாது. ரம்பமும் கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சு போயிடும்" என்றேன். அவள் நம்பாமல் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள். பார்த்தேன்.

பெரியவன் தள்ளி, படியில் நின்றுகொண்டிருந்தான். பதினாலு வயது. அவனுக்கு முன்பல் உருவாகி முடிந்த பிறகுதான் ஆற்றுத் தண்ணீர் வந்தது. வந்ததிலிருந்து உதட்டைத் திறக்கவில்லை. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கியவன் மறுபடி ஏற்றிக்கொண்டான். தங்கச்சி விஷயம் முடிந்ததும் என்னைப் பார்க்காமல் டீக்கடையைப் பார்த்தபடி கேட்டான்.

"எனக்கு ஏதாச்சும் பண்ணலாமா மேடம்?"

நான் பதில் சொல்வதற்குள் அவன் அம்மா என் கையைப் பிடித்தாள். "கேப் இல்லல்ல மேடம்?"

"இல்ல" என்றேன். "தம்பி, மாஸ்க்கக் கழட்டிட்டு இப்படி வெளிச்சத்துக்கு வா."